விதித்த வேடமும் விரும்பிய வாழ்வும்

காதலை உயிராகக் கொண்டு, தெய்வமும் பேயும் சாபமும் மறுபிறவியும் ஊடாட நடக்கும் கதைகளைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாகக் கேட்டும் பாடியும் வந்துள்ளனர். அத்தகைய கதைகளில் வரும் மாந்தர் ஒவ்வொருவருக்கும் பிறந்த அன்றே ஓர் இடம் வகுக்கப்பட்டிருக்கும். வேடன் மகள் வேடன் ஒருவனுக்கே மாலையிட வேண்டும். காவற்காரன் மகன் காவல் காத்தே மடிய வேண்டும். அரசன் பெற்ற பெண் அரசன் குறித்த வீட்டிற்கே செல்ல வேண்டும். காதல் வந்து இவ்வேற்பாட்டைக் குலைக்கிறது. இவ்வளவில் எல்லாக் கதைகளும் ஒன்றே. குலைந்து போனதைக் கதை பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகிறது. கதைசொல்லியின் நெஞ்சம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் அவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது.

கிள்ளான் வட்டாரத்துத் தமிழருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இவ்வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து குடியேறியவர்கள் தங்களோடு மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள். அவளுடன் மதுரைவீரனையும் கொண்டுவந்தார்கள். அம்மனுக்குக் கோவில் எழுந்தது. வீரனுக்கு மரத்தடியிலோ தோட்டத்து எல்லையிலோ ஒரு மேடையும் அரிவாளும் போதுமாயின. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட பின்னரும் வீரனின் மேடைகள் சாலையோரங்களில் எஞ்சி நிற்கின்றன. திருவிழா இரவுகளில் பாட்டாகவும் கூத்தாகவும் கேட்டும் கண்டும், 1956-ஆம் ஆண்டுக்குப் பிறகு திரைப்படமாகவும் பார்த்து மகிழ்ந்த அவன் கதை, பால்மரம் சீவியவர்களின் சொந்தக் கதை போலவே ஆகிவிட்டது.

அக்கதையின் உயிர்நிலை ஒரு மழை இரவு. பாளையக்காரர் பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி பூப்பெய்துகிறாள். வழக்கப்படி அவளை ஊருக்குப் புறத்தே ஒரு குடிசையில் இருத்துகின்றனர். காவல் காக்கும் கடமை தோல்தொழில் செய்யும் சின்னானுக்கு உரியது. அன்று மழை கொட்டுகிறது. முதியவனுக்குப் பதிலாக அவன் வளர்த்த மகன் வீரன் காவலுக்குச் செல்கிறான். வெளியே நின்று நனைய வேண்டியவன் அவன். உள்ளே தனித்திருக்க வேண்டியவள் அவள். கதவு ஒன்றே இருவருக்கும் இடையே உள்ளது. அக்கதவு திறக்கும்போது அவரவர்க்கு விதிக்கப்பட்ட வேடம் இரண்டும் ஒருங்கே கலைகின்றன. பொம்மி அவனுடன் புறப்பட்டு விடுகிறாள். துரத்தி வந்த படையை வீரன் வெல்கிறான். திருச்சியிலும் மதுரையிலும் அவன் வீரம் புகழ் பெறுகிறது. இறுதியில் வெள்ளையம்மாள் மீது கொண்ட காதலே காரணமாக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு தெய்வமாகிறான்.

இவ்வளவோடு கதை நின்றிருந்தால் அதன் கூர்மை குறையாதிருந்திருக்கும். கதையோ தொடக்கத்திலேயே ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. வீரன் உண்மையில் சின்னானுக்கும் செல்லிக்கும் பிறந்தவன் அல்லன். காசி மன்னனின் மகன். கொடி சுற்றிப் பிறந்த குழந்தையால் நாட்டிற்குக் கேடு வரும் என்று சோதிடர் கூறியதால் காட்டில் விடப்பட்டவன். இச்செய்தி என்ன செய்கிறது? பொம்மி தன்னிலும் தாழ்ந்தவனோடு சென்றாள் என்பதை அழித்து, அரசிளங்குமரனோடு சென்றாள் என்று எழுதிவிடுகிறது. குலைந்த ஏற்பாடு குலையவே இல்லை என்று ஆகிவிடுகிறது. கிழிந்த துணியில் அதே நிறத்து நூலால் போட்ட ஒட்டுப் போன்றது இது. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர்க்குக் கிழிசல் தெரியாது.

இந்த ஒட்டு தமிழ்க் கதைமரபில் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்று ஆராயின், இலக்கணத்திலேயே அதற்கு ஒரு வேர் இருப்பதைக் காணலாம். தொல்காப்பியர் களவியலில் தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் எதிர்ப்படுவது பாலின் ஆணையால் என்கிறார். பால் என்பது ஊழ். ஆகவே, தமிழ் அகமரபில் ஊழ் காதலுக்குப் பகை அன்று. காதலர் பக்கம் நிற்பது. தடுப்பவர் தாயும் தமரும் ஊருமே. இம்மட்டில் தொல்காப்பியம் காதலர்க்குத் துணை நிற்கிறது எனலாம். ஆனால் அதே நூலின் மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புமைகள் பத்தினை வகுக்கும்போது, பிறப்பையும் குடிமையையும் முதலிரண்டாக வைக்கிறது. அருளும் உணர்வும் பட்டியலின் கடைப்பகுதியில் வருகின்றன. ஒரு கையால் கதவைத் திறந்த இலக்கணம் மறு கையால் அதைச் சாத்துகிறது. காதல் பிறப்பை மீறியது என்று பாட விரும்பிய கதைசொல்லி, கேட்போர் மனத்தில் படிந்திருந்த இவ்வொப்புமைக்கு அஞ்சினான். அஞ்சியவன் கண்டுபிடித்த வழியே மறைந்த பிறப்பு.

நெல்லைச் சீமையில் வழங்கும் முத்துப்பட்டன் கதை இதனினும் தெளிவான சான்று. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கதைப்பாடல் அது. அந்தணனாகிய முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகளிராகிய திம்மக்கா, பொம்மக்கா என்னும் இருவர்மீது காதல் கொள்கிறான். பெண் கேட்டுச் சென்றவனிடம் வாலப்பகடை கடுமையான நிபந்தனை விதிக்கிறான்: பூணூலையும் குடுமியையும் களைந்து, தோல் தைத்துச் செருப்புச் செய்யக் கற்று வர வேண்டும். பட்டன் தயங்காமல் அவ்வாறே செய்கிறான். வீரன் கதையில் தாழ்ந்தவனாகக் கருதப்பட்டவன் மேலே ஏறினான். இங்கோ உயர்ந்தவன் தன் விருப்பத்தால் கீழிறங்கித் தொழில் கற்கிறான். சாதிப் படிக்கட்டில் ஏறுவதற்குத் துணிவு வேண்டும் என்பர். இறங்குவதற்கு அதனினும் பெருந்துணிவு வேண்டும் என்பதை இக்கதைப்பாடல் காட்டுகிறது.

இக்கதையிலும் ஒட்டு வந்து சேர்ந்தது. அப்பெண்கள் இருவரும் அந்தணர் குலத்தில் பிறந்து காட்டில் கைவிடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று கதை மாற்றப்பட்டது. இது பிற்காலத்தில் புகுந்த சேர்க்கை என்பதை வானமாமலை எடுத்துக்காட்டினார். ஏடு இவ்வாறு மாறியதே அன்றி வழிபாடு மாறவில்லை. பாபநாசம் மலைமீது சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாகத் தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டனுக்கு அடியவர்கள் இன்றும் செருப்பைக் காணிக்கையாக இடுகின்றனர். அவன் யாரை மணந்தான், அதற்காக எந்தத் தொழிலைக் கற்றான் என்பதை அக்காணிக்கை மறக்கவில்லை. கற்றோர் கைபட்ட ஏட்டைக் காட்டிலும் கல்லாதார் கைக்காணிக்கை கதைக்கு உண்மையாய் இருந்திருக்கிறது.

இவ்விரு கதைப்பாடல்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு பாரதியாரின் குயில் பாட்டை மீண்டும் படிப்பவர்க்கு அது புதிய நூலாகத் தோன்றும். புதுவையில் அவர் வாழ்ந்த பத்தாண்டுகளில் (1908 – 1918) பிறந்த ஆக்கம் அது. ஜீவான்மா, பரமான்மா என்று அதற்கு உரை காண்போர் பலர். வேதாந்தப் பொருள் உண்டா என்று தமிழ்ப் புலவரைக் கேட்பது போல நூலை முடித்துப் பாரதியாரே அவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டார். அவ்வினாவில் சிறிது குறும்பு இருப்பதைப் புலவர் பலர் கவனிக்கவில்லை. அதன் பயனாக, நூலின் நடுவே நிற்கும் வேடர் குலப் பெண் ஒருத்தியின் கதை குறியீட்டின் புகையில் மறைந்து போயிற்று. வகுப்பறையிலும் அவள் பெரும்பாலும் மறைந்தே போகிறாள்.

கதைப்போக்கு ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. மாஞ்சோலையில் கவிஞன் ஒரு குயிலின் பாட்டில் மயங்குகிறான். நான்காம் நாள் வருமாறு குயில் சொல்கிறது. பொறுக்க மாட்டாமல் மறுநாளே செல்கிறான். குயில் ஒரு குரங்கினிடம் காதல் பேசுவதைக் காண்கிறான். அதற்கடுத்த நாள் கிழட்டுக் காளையொன்றிடம் அதே பேச்சு. வாளை வீசியும் பயனில்லை. நான்காம் நாள் குயில் தன் முற்பிறவியைக் கூறுகிறது. சேர நாட்டு மலைப்புறத்தில் முருகன் என்னும் வேடர் தலைவனின் மகள் சின்னக்குயிலி. மாமன் மகன் மாடன் அவள்மேல் உயிரை வைத்திருக்கிறான். அவன் படும் பாட்டைக் காணப் பொறாமல், காதலால் அன்றிக் கருணையால், அவனை மணப்பதாக வாக்களிக்கிறாள். இதனிடையே மற்றொரு வேடர் தலைவனாகிய மொட்டைப்புலியன் தன் மூத்த மகன் நெட்டைக்குரங்கனுக்கு அவளைக் கேட்க, தந்தை மகிழ்ந்து உடன்படுகிறான். மணநாளும் குறிக்கப்படுகிறது.

இந்த இடத்தில் பாரதியார் குயிலியின் வாயில் வைக்கும் பேச்சுத்தான் நூலின் மிகத் துணிவான பகுதி. சினந்து வந்த மாடனிடம் அவள் கூறுவதன் கருத்து இது: கட்டாயத்தால் அந்த வீட்டிற்குச் செல்வேன், சில திங்களில் ஏதேனும் ஒரு கலகம் விளைவித்து, அவர்கள் கட்டிய தாலியை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உன்னிடம் வருவேன். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறாள்! விருப்பமின்றிக் கட்டிய தாலி வெறும் கயிறே, கட்டியவரிடம் அதைத் திருப்பித் தரலாம் என்று ஒரு பெண் கூறுவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு கவிஞர், கதைப் போக்கிலே ஆரவாரமின்றி வைத்துவிட்டுப் போகிறார். தலைப்பிட்டு முழக்கியிருந்தால் ஊர் எதிர்த்திருக்கும். கனவுக்குள், கனவில் வந்த குயிலுக்குள், குயிலின் முற்பிறவிக்குள் மூன்று உறையிட்டு வைத்ததால் யாரும் எதிர்க்கவில்லை. கற்பனைக் கதை என்னும் வடிவம் கவிஞர்க்குத் தந்த உரிமை இது.

பிறகு சேர நாட்டு இளவரசன் வேட்டைக்கு வருகிறான். இருவர்க்கும் காதல் பிறக்கிறது. ஊழ் கூட்டியது என்று தொல்காப்பிய முறையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் குயிலி உடனே இணங்குவதில்லை. அரண்மனையில் அவனுக்கு ஏராளமான மாதர் இருப்பர். சிங்கம் முயலை மணப்பதுண்டோ. மலைவாழ் குலத்துப் பெண்டிர் மனைவியராய் வாழ்வார்களே அல்லாமல், அரசனே கேட்டாலும் விலைமகளிராய்ப் போகமாட்டார்கள் என்கிறாள். காதலித்தவனிடமே அவள் இதைச் சொல்கிறாள் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவளுக்கு முன் மூன்று வேடங்கள் வைக்கப்பட்டன. மாமன் மகனுக்கு இரக்கத்தால் வாழ்க்கைப்படுவது ஒன்று. தந்தையின் வாக்கிற்காக மருமகளாவது மற்றொன்று. மூன்றாவது, வேட்டைக்கு வந்த அரசகுமாரன் சில நாள் வைத்திருந்து மறந்துவிடும் மலைப்பெண் என்னும் வேடம். முதல் இரண்டையும் உறவினர் விதித்தனர். மூன்றாவதை விதிப்பது காதலனின் செல்வநிலை. அதையும் அவள் மறுக்கிறாள். அவன் வேறு மாதரைத் தீண்டுவதில்லை, முறைப்படி மணந்து அரசியாக்குவேன் என்று சொன்ன பின்னரே அவள் தன்னை மறக்கிறாள். சாகுந்தலக் கதையில் துஷ்யந்தன் மறந்த பிறகு பெண் துன்புறுகிறாள். குயிலியோ மறதி நேரக்கூடிய இடத்தை முன்னரே அறிந்து கேள்வி கேட்கிறாள். காதல் இங்கே மயக்கம் மட்டும் அன்று. தன் மதிப்பு இன்னது என்று காதலினூடே ஒரு பெண் அறிந்துகொள்ளும் அறிவுமாகும்.

நெட்டைக்குரங்கனும் மாடனும் வந்து, மெய்ம்மறந்து நின்ற இளவரசனை வெட்டுகின்றனர். அவன் திரும்பி இருவரையும் வீழ்த்திவிட்டுத் தானும் வீழ்கிறான். அவள் மடியில், மறுபிறவியில் கூடுவோம் என்று கூறி உயிர் விடுகிறான். பேய்களாகித் திரியும் மாடனும் குரங்கனும் மாயத்தால் அவளைக் குயிலாக்கினர் என்றும், குரங்கும் காளையும் அவர்களின் வஞ்சனையே என்றும் முனிவர் ஒருவர் கூறியதைக் குயில் எடுத்துரைக்கிறது. கவிஞனே அந்தச் சேர இளவரசன் என்பது விளங்குகிறது.

மேற்போக்காகப் பார்த்தால் இதுவும் பழைய ஒட்டுப் போலவே தோன்றும். முற்பிறவியில் இவர்கள் காதலர். ஆகவே இப்பிறவிக் காதல் முறையானது என்று கதை சமாதானம் சொல்வதாகக் கொள்ளலாம். ஆனால் பாரதியார் அந்தக் கருவியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். மதுரைவீரன் கதையில் மறைந்த பிறப்பு காவற்காரனை அரசகுமாரனாக உயர்த்தியது. முத்துப்பட்டன் கதையின் மாற்றப்பட்ட வடிவில் பகடை மகளிரை அந்தண மகளிராக உயர்த்தியது. குயில் பாட்டில் மறுபிறவி எவரையும் உயர்த்தவில்லை. வேடன் மகள் அரச குலத்தில் பிறந்து வரவில்லை. மாறாக, அரசகுமாரன் அரியணையை இழந்து, கடற்கரை நகரொன்றில் பழைய நூல்களும் எழுதுகோலும் தவிர வேறு செல்வமில்லாத கவிஞனாக வந்து நிற்கிறான். குயிலி முன்னம் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. சிங்கம் முயலை மணக்குமா என்று கேட்டாள். சிங்கம் தன் காட்டை விட்டு வந்துவிட்டது. முத்துப்பட்டன் செருப்புத் தைக்க இறங்கிய அதே படியில் இளவரசனும் இறங்கியிருக்கிறான்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. குயில் தன் கதையைச் சொல்லி முடித்துக் கவிஞனின் கையில் விழுகிறது. அவன் அதனை முத்தமிடுகிறான். அதன் பிறகே அது பெண்ணுருக் கொள்கிறது. முதலில் உரு, பிறகு காதல் என்று வரவில்லை. பறவையாய் இருக்கும்போதே ஏற்றுக்கொண்டான். பிறப்பும் குடிமையும் உருவும் ஒத்திருக்க வேண்டும் என்னும் இலக்கணத்தை அம்முத்தம் ஒரு நொடியில் தள்ளிவிட்டு, பட்டியலின் கடைப்பகுதியில் கிடந்த அருளையும் உணர்வையும் முன்னே கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு நூலின் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. பாரதியார் மாடனுக்கு நீதி செய்யவில்லை. வாக்குப் பெற்றவன் அவன். வாக்கு மீறப்பட்டதும் உண்மை. அவன் துயரத்திற்குக் கதையில் இடம் தராமல், அவனைப் பேயாக்கி, கிழட்டுக் காளையோடு ஒட்டி நகைப்புக்குரியவனாக்கிவிட்டார். மாடன் என்பது சிற்றூர் மக்கள் கும்பிடும் காவல் தெய்வத்தின் பெயர் என்பதை நினைக்கும்போது அந்நகைப்பு மேலும் உறுத்துகிறது. காதல் ஒருத்தியை விடுவிக்கும்போது வேறொருவனைத் தனிமையில் தள்ளிவிடும் என்னும் கசப்பான உண்மையைக் குயிலியின் கருணை தொட்டது. கவிஞரோ தொட்ட இடத்திலேயே விட்டுவிட்டார். மற்றொரு குறையும் உண்டு. குயில் பெண்ணான மறுகணமே சோலையும் அவளும் மறைந்து, கவிஞன் தன் அறையில் விழித்துக்கொள்கிறான். மூன்று வேடங்களை மறுத்தவளுக்கு நான்காவதாக ஒரு வாழ்வு தரப்படவில்லை. கனவின் உறை துணிவுக்கு இடந்தந்தது என்று மேலே கூறப்பட்டது. அதே உறை அவளை வெளியே வரவிடாமலும் தடுத்துவிட்டது.

பாவேந்தர் பாரதிதாசன் அந்த உறையைக் கிழித்தார். 1937-இல் வந்த புரட்சிக்கவி, வடமொழியில் வழங்கிய பில்கணன் கதையை அடியொற்றியது. அரசன் மகள் அமுதவல்லிக்குக் கவிதை கற்பிக்க உதாரன் வருகிறான். ஆசிரியன் பார்வையற்றவன் என்று அவளிடமும், மாணவி நோயுற்றவள் என்று அவனிடமும் பொய் சொல்லி, இடையே திரையும் கட்டுகின்றனர். முழுநிலவைக் கண்டு அவன் பாடிவிடுகிறான். காணாதவன் நிலவை எப்படிப் பாடுவான் என்று அவள் திரையை நீக்குகிறாள். வேடங்கள் பொய்யின் மேல் நிற்பவை என்பதற்கு இதனினும் நல்ல காட்சி கிடைப்பது அரிது. ஊழும் இல்லை, பேயும் இல்லை, மறுபிறவியும் இல்லை. அமைச்சர் சூழ்ச்சியே விதி.

பழங்கதையில் கவிஞனின் பாட்டில் மனமிரங்கி அரசன் மன்னித்துவிடுகிறான். மன்னிப்பதும் ஒரு வகை ஒட்டே. அரசன் அரசனாகவே இருக்கிறான். காதலர் அவன் அருளால் வாழ்கின்றனர். பாரதிதாசன் இதை ஏற்கவில்லை. கொலைக்களத்தில் உதாரன் மக்களை நோக்கிப் பேச, மக்கள் எழுகின்றனர், முடியாட்சியே வீழ்கிறது. உதாரன் அரசகுலத்தவன் என்று எவரும் கண்டுபிடிப்பதில்லை. கடைசி வரை அவன் குடிமகனே. கலை நோக்கில் இம்முடிவு விரைவுபட்டது என்று குறை கூறலாம். ஓர் உரையில் ஒரு நாடு மாறிவிடுகிறது. குயிலியின் நெஞ்சில் நிகழ்ந்த போராட்டம் போல அமுதவல்லியின் நெஞ்சில் ஒன்று விரிவாகக் காட்டப்படவில்லை என்பதும் உண்மையே. எனினும், கிழிசலை ஒட்டுப்போட்டு மூடாமல் துணியையே மாற்ற வேண்டும் என்று கேட்ட முதற் காதற்கதைகளுள் இது ஒன்று.

புரட்சிக்கவி வெளிவந்து நான்காண்டுகள் சென்ற பின், 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்கள் பின்னே நின்றது. கூலி உயர்வு கேட்டனர் என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். கேட்டவற்றுள் வேறு சிலவும் இருந்தன. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வது நிற்க வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கதைப்பாடல் கேட்டோ கவிதை படித்தோ அவர்கள் எழுந்தனர் என்று கூறுவது மிகை. ஆயினும் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவனுக்கும், மழையில் நனையாமல் கதவுக்குள் நுழைந்த வீரனுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. தனக்கு விதித்த வேடத்தை இருவரும் அணிய மறுத்தனர். அத்தொழிலாளர்கள் கும்பிட்ட தெய்வம் காசி அரசகுமாரனா, சின்னான் வளர்த்த மகனா என்று கேட்டால், இரண்டாவதே என்று சொல்வதற்கு அவர்களின் வாழ்க்கையே சான்று. தெய்வத்தின் கையில் அவர்கள் வைத்தது செங்கோல் அன்று, அரிவாளே.

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை அறிந்தவர்க்கு அது விளங்கும். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அப்பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளைகள் பெரும்பாலோர் மறுபடி பால்வாளியையே தூக்கினர். தகப்பன் சீவிய மரத்தை மகன் சீவுவான் என்பதே ஏற்பாடு. அத்தகைய பள்ளிகளின் வழிவந்த வகுப்பறையில் நின்றுகொண்டு, வீரன் அரசகுமாரன் ஆதலால் அரசகுமாரியைப் பெற்றான் என்று சொல்லிக்கொடுப்பது, மாணவனுக்கு என்ன கற்பிக்கிறது? பிறப்பு உயர்ந்ததாயிருந்தால் மட்டுமே மீறலாம் என்பதைத்தான் கற்பிக்கிறது. கதையில் ஒட்டு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒட்டு எங்கே விழுந்துள்ளது, யார் போட்டது, எதற்கு அஞ்சிப் போட்டனர் என்று மாணவரே விரல் வைத்துக் காட்டுமாறு கற்பிக்கலாம். ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் அது எட்டாத அறிவன்று.

குயில் பாட்டைப் பற்றி வினாத்தாள் அமைப்போர், குயில் எதன் குறியீடு என்றே பல காலமாகக் கேட்டு வருகின்றனர். மனப்பாடம் செய்த விடையை மாணவரும் எழுதித் தள்ளுகின்றனர். கட்டிய தாலியைத் திருப்பித் தருவேன் என்று குயிலி ஏன் சொன்னாள், அவ்வாறு சொன்னவளை அரசகுமாரனிடமும் நிபந்தனை கேட்க வைத்தது எது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். முதல் விடை பெரும்பாலும் பெண்பிள்ளைகள் வரிசையிலிருந்தே வரும்.